மூடி இறுக்கமான கடலைமிட்டாய் டப்பா

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரம். எங்கள் தீப்பெட்டி ஆபீஸில் என்னோடு கணக்கு எழுதும் பெண் டிபன் பாக்ஸைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். என்னவென்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "உங்க பையனுக்கு எப்பக்கா தெரிஞ்சுது?" என்றாள். அவள் பையனுக்குப் பதினேழு மாதம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஃபேன் சுற்றினால் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். வீட்டில் எல்லாரும் பொறுத்துப் பார்ப்போம் என்கிறார்களாம்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கும் சோறு இறங்கவில்லை. என் மகனுக்கு ஆட்டிசம். மற்றவரோடு பழகுவதும் பேசுவதும் வேறு விதமாக அமைகிற வளர்ச்சி நிலை அது. அவளிடம் அரைமணி நேரத்தில் சொல்லி முடிக்க முடியாததை எல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன்.

என் மகனின் பெயரை எழுதப் போவதில்லை. அவன் கதையில் எவ்வளவு வெளியே சொல்லலாம் என்பதை ஒருநாள் அவன்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் கூப்பிடுவது போலத் தம்பி என்றே எழுதுகிறேன்.

தம்பி 2019 ஜனவரியில் பிறந்தான். ஒரு வயதில் அவனிடம் மூன்று சொற்கள் இருந்தன. 'ம்மா', 'தா', காக்காவைப் பார்த்தால் 'கா'. ஒன்றரை வயதுக்குள் மூன்றும் போய்விட்டன. எந்த வாரம் நின்றன என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. அது கொரோனா காலம். வீட்டுக்காரர் லாரியில் தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் எப்போது திரும்புவார் என்று தெரியாது. "ஊரடங்குப் பிள்ளை, நாலு முகம் பார்த்தாத்தானே பேசும்" என்று தெருவில் சொன்னார்கள். அத்தை சொன்னார்: "ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும் தாயி. ஒம் புருசனே நாலு வயசுலதான் வாயைத் தெறந்தான். பொறுத்துப் பாப்போம்." என் மாமியார் அன்பானவர். அவர் சொன்னதை நம்பிவிட வேண்டும் என்று எனக்கும் ஆசையாக இருந்தது.

ஆபீஸிலிருந்து காலித் தீப்பெட்டிகள் கொண்டுவந்து கொடுப்பேன். வாசற்படியிலிருந்து அடுப்படி வரை வரிசையாக அடுக்குவான். எல்லாப் பெட்டியிலும் லேபிள் மேலே இருக்க வேண்டும். ஒன்று புரண்டிருந்தால் அழுகை. கெட்டிக்காரன் என்று நாங்கள் கொண்டாடினோம். இப்போது யோசித்தால், அடுக்கியதில் பயப்பட ஒன்றுமில்லை, நிறையப் பிள்ளைகள் அடுக்கும். அடுக்கி முடித்ததும் மற்ற பிள்ளைகள் திரும்பி அம்மா பார்த்தாளா என்று பார்ப்பார்கள். தம்பி ஒருநாளும் திரும்பவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பானைமேல் வைப்பான், முகத்தைப் பார்க்க மாட்டான். விரல் நீட்டி 'அதோ' என்று எதையும் காட்டியதே இல்லை. பேச்சு வரவில்லை என்பதையே பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் இந்த மூன்றையும் கவனிக்கத் தவறிவிட்டோம்.

இரண்டு வயதில் திருநெல்வேலியில் ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். இரண்டு நிமிடம் பார்த்தார். "மூணு வயசு வரை பாருங்க, போனைக் குடுக்காதீங்க" என்று அனுப்பிவிட்டார். போனைப் பிடுங்கி பீரோவுக்குள் வைத்தேன். பத்து மாதம் போயிற்று. அந்தப் பத்து மாதத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கும்.

2021 தீபாவளி கழிந்த சமயம் பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கக்கூடுமா என்று பார்க்கிற எம்-சாட் என்ற கேள்வித்தாள் என் கண்ணில் பட்டது. 16 முதல் 30 மாதம் வரை உள்ள பிள்ளைகளுக்கானது, 20 கேள்விகள். தம்பி அந்த வயதைத் தாண்டியிருந்தான், ஆனாலும் வாசித்தேன். முதல் கேள்வியே இதுதான்: அறையின் அந்தப் பக்கம் இருப்பதை நீங்கள் விரல் நீட்டிக் காட்டினால் குழந்தை அதைப் பார்க்கிறதா? சுவரில் ஒரு பல்லி இருந்தது. "தம்பி, அங்க பாரு பல்லி" என்று விரலை நீட்டினேன். அவன் என் விரல்நுனியைப் பார்த்தான். பல்லி ஓடியது. அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கேள்வித்தாள் ஒரு சல்லடை மாதிரிதான். இதில் தேறாத பிள்ளைகள் எல்லாருக்கும் ஆட்டிசம் என்று அர்த்தமில்லை. சல்லடையில் நின்றால் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த வயதிலேயே போக வேண்டும்.

தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயான மாதம், 2021 டிசம்பர், தூத்துக்குடிக்குப் போனோம். அரசு மருத்துவமனையில் சிறுபிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்ப்பதற்கென்றே டி.இ.ஐ.சி. என்று ஒரு மையம் உண்டு. 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய கார்யக்ரம் என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் வருவது. அந்தத் திட்டத்தில் மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு தடவை அங்கன்வாடிக்கே வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். தம்பி அங்கன்வாடிக்குப் போக வேண்டிய வயதில் அங்கன்வாடிகள் பூட்டிக்கிடந்தன. அந்தக் குழுவின் கண்ணில் அவன் படவே இல்லை.

முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க பேரா டெஸ்ட். பிள்ளை தூங்க வேண்டும், தலையில் ஒயர் ஒட்டுவார்கள். அதனால் முந்தின இரவு சீக்கிரம் தூங்கவிடாமல், காலையிலும் நாலு மணிக்கே எழுப்பிக் கூட்டி வரச் சொன்னார்கள். எட்டயபுரம் தாண்டி வழியெல்லாம் முகத்தில் தண்ணீர் தெளித்தும் ஜன்னலைத் திறந்தும் அவனை விழிக்கவைத்துக்கொண்டே வந்தேன். ஊருக்குள் பஸ் நுழையும்போது தூங்கிவிட்டான். ஆஸ்பத்திரி வாசலில் விழித்துக்கொண்டான். மருந்து கொடுத்து மறுபடி தூங்க வைக்க மதியம் ஆகிவிட்டது. காது நன்றாகவே கேட்கிறது என்றார்கள். எனக்கு அழுகை வந்தது. காதில்தான் கோளாறு என்றால் ஒரு மிஷினை மாட்டினால் சரியாகிவிடும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

அப்புறம் உளவியலாளர் பார்த்தார். இந்தியாவில் மாற்றுத்திறன் சான்றிதழுக்குப் பயன்படுத்தும் அளவுகோலில் 40 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70-க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை. தம்பிக்கு மிதமான ஆட்டிசம் என்று வந்தது. அரசுத் தாள்களில் ஆட்டிசத்துக்கு 'புற உலகச் சிந்தனையற்ற' என்று போடுகிறார்கள். இந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். மிக்ஸியில் சட்னி அரைக்கப்போகிறேன் என்று நான் ஜாரைத் தொட்டதுமே காதைப் பொத்துகிறவன் அவன். ஃபேனில் ஒரு றெக்கை லேசாக ஆடினால் எங்கள் வீட்டில் முதலில் தெரிவது அவனுக்குத்தான். புற உலகம் அவனுக்குள் அளவுக்கு மீறி வருகிறது. சிந்தனை அற்றவன் என்று எப்படி எழுதுவது?

அதே மையத்தில் வாரம் இரண்டு நாள், தடவைக்கு முக்கால் மணி நேரம் பயிற்சி. போக வர ஏறக்குறைய நாலு மணி நேரம். வாரத்துக்கு ஒன்றரை மணி நேரத்தில் என்ன நடந்துவிடும் என்று நான் கேட்டதற்குப் பயிற்சி கொடுக்கும் டீச்சர், "பயிற்சி தம்பிக்கு மட்டும் இல்லம்மா, உங்களுக்கும்தான்" என்றார்.

மூன்றாவது வாரம் அவர் என் போனை வாங்கி, நானும் தம்பியும் தீப்பெட்டி வைத்து விளையாடுவதை இரண்டு நிமிடம் வீடியோ எடுத்தார். எடுத்ததும் எனக்குப் போட்டுக் காட்டினார். என் குரல் நிற்கவே இல்லை. "இது என்ன? இது என்ன கலரு? அம்மாவைப் பாரு. பெட்டி சொல்லு. பெ...ட்டி. சொல்லு தம்பி." இரண்டு நிமிடத்தில் 23 கேள்வியும் ஏவலும். டீச்சர் எண்ணிச் சொன்னார். குறை சொல்லும் குரல் இல்லை. "தம்பி எத்தனை தடவை உங்ககிட்ட பேச வந்தான்னு பாத்தீங்களா?" என்று கேட்டார். அவன் எங்கே பேச வந்தான், ஒரு தடவையும் இல்லையே என்றேன்.

திரும்ப ஓட்டினார். நாற்பதாவது வினாடியில் நிறுத்தினார். தம்பி ஒரு பெட்டியைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்குகிறான், அவன் தோள் என் பக்கம் அரை அங்குலம் திரும்புகிறது. அதே வினாடியில் நான் "இது என்ன கலரு?" என்கிறேன். தோள் பழைய இடத்துக்குப் போய்விடுகிறது. இன்னொரு இடத்தில் 'ம்ம்' என்று ஒரு சத்தம், என் பேச்சுக்கு அடியில். மூன்றாவது, அவன் முழங்கால் என் முழங்காலைத் தொட்டு நிற்கிறது. "மூணு தடவை வந்திருக்கான்மா. நீங்க இடம் விடல" என்றார்.

வீட்டுக்கு வந்து அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று தெரியாது. என் பிள்ளை என்னிடம் வரவே மாட்டான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நாட்களில் எல்லாம் அவன் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறான்.

டீச்சர் சொன்னது எளிது, செய்வது கஷ்டம். கேள்வியைக் குறைக்க வேண்டும். அவன் எதைப் பார்க்கிறானோ அதை ஒரே வார்த்தையில் சொல்ல வேண்டும். அப்புறம் வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் பொறுத்துப் பார்த்த எனக்கு அந்தப் பத்து வினாடி பொறுக்க முடியவில்லை. நாலு எண்ணுவதற்குள் வாய் திறந்துவிடும். பழகுவதற்கு இரண்டு மாதம் ஆயிற்று.

தீப்பெட்டி வரிசையைக் கலைக்க வேண்டாம், வரிசையில் சேர்ந்துகொள்ளுங்கள் என்றார். பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த பெட்டியை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். முதல் நாள் கையைத் தள்ளினான். சில நாளில் என் கைக்காகக் காத்திருக்கத் தொடங்கினான். பிறகு பெட்டியை என் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு கொடுத்தேன். பெட்டியைத் தேடி வந்த கண் என் கண்ணையும் தொட்டுவிட்டுப் போகும்.

கடலைமிட்டாய்க்குப் பேர்போன ஊர் எங்கள் கோவில்பட்டி. தம்பிக்கும் அதுதான் உயிர். உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி ஒரு கண்ணாடி டப்பாவில் மிட்டாயைச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்துப் போட்டு, அவனால் திறக்க முடியாதபடி மூடியை இறுக்கி, அவனுக்கு எட்டுகிற இடத்தில் வைக்கச் சொன்னார்கள். அவன் கேட்பதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். முதல் நாட்களில் டப்பாவைத் தரையில் தட்டினான், கடித்தான், என் மணிக்கட்டைப் பிடித்து மூடிமேல் வைத்தான். நான் கையை விரித்து அவன் முன்னால் நீட்டிவிட்டு எண்ணுவேன். அழுகை வருகிற மாதிரி இருந்தால் உடனே திறந்துவிடுவேன், பட்டினி போட்டுப் பழக்குவது இதில் கிடையாது. பதினோராம் நாள் டப்பாவைத் தூக்கி என் உள்ளங்கையில் வைத்தான். வைத்துவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். அரை வினாடி இருக்கும். "மிட்டாய்!" என்று திறந்து கொடுத்தேன். 'சொல்லு' என்று கேட்கவில்லை. அவன்தான் சொல்லிவிட்டானே.

பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன், வீடியோ எடுத்துக் காட்டி அம்மா அப்பாவுக்குப் பழக்குகிற இந்த வழி இங்கிலாந்தில் உருவானது. அதை கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்துச் சோதித்து 2015-ல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். வீட்டுக்குப் போய்ச் சொல்லிக் கொடுத்தவர்கள் பெரிய நிபுணர்கள் இல்லை, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள். ஆறு மாதத்தில் 12 அமர்வு. பெற்றோர் பிள்ளையின் போக்கோடு ஒத்துப்போவதும், பிள்ளை தானாகப் பேச்சைத் தொடங்குவதும் கூடியிருந்தன. எல்லாம் அதனால் மாறிவிடவில்லை. ஆனாலும் சென்னைக்குக் குடிபோனால்தான் உண்டு என்று நினைத்துக் கலங்குகிற அம்மாக்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இதே மாதிரிப் பணியாளர்களைக் கிராமத்து வீடுகளுக்கு அனுப்புகிறது.

நடுவில் பயத்தில் ஒரு தனியார் மையத்திலும் சேர்த்தேன். வாரம் 40 மணி நேரம் தேவை, ஐந்து வயதுக்குள் செய்யாவிட்டால் கதவு மூடிவிடும் என்றார்கள். நகையை அடகு வைத்தேன். மூன்றாம் நாள் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது அவன் தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பி "லுக் அட் மீ" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். தம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுதான். அன்றைக்கே கூட்டி வந்துவிட்டேன். அந்த 40 மணி நேரம் என்ற எண் 1987-ல் அமெரிக்காவில் லோவாஸ் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்வில் இருப்பது. 19 பிள்ளைகளில் 9 பேர் மற்ற பிள்ளைகளைப் போலவே ஆனார்கள் என்றது அந்த ஆய்வு. அதே ஆய்வில் சத்தம் போட்டு அதட்டுவதும், சில வேளை தொடையில் அடிப்பதும் முறையாகவே இருந்தன என்பதை மையத்தில் யாரும் சொல்லவில்லை. சீக்கிரம் தொடங்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சின்ன வயதில் மூளை வேகமாகப் பழகுகிறது, அந்த வேகத்தை வீணாக்கக் கூடாது. ஆனால் கதவு எந்த வயதிலும் மூடுவதில்லை. அம்மாவின் பயத்தை வைத்துப் பணம் வாங்குகிறவர்களை நான் மன்னிக்க மாட்டேன்.

தடுப்பூசியால் வந்ததா என்று கேட்டவர்களும் உண்டு. 1998-ல் அப்படி ஒரு சந்தேகத்தைக் கிளப்பிய கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010-ல் திரும்பப் பெற்றுவிட்டது. தம்பிக்கு ஒரு ஊசியும் விட்டதில்லை, அவன் தங்கைக்கும்.

பட அட்டைகள் கொடுத்தபோது அத்தைக்குப் பயம். "படத்தைக் காட்டியே பழகிட்டா வாயே தெறக்க மாட்டானே" என்றார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அட்டையோ, செயலியோ பேச்சைத் தடுப்பதில்லை என்று டீச்சர் உறுதியாகச் சொன்னார். சென்னையில் உருவான ஆவாஸ் என்ற செயலியில் படத்தைத் தொட்டால் அது பேசும். நாங்கள் போட்டோ பிரிண்ட் போட்டே சமாளித்தோம். தோசை, தண்ணீர், வெளியே, வேண்டாம். 'வேண்டாம்' அட்டை வந்த பிறகு தரையில் தலையை முட்டுவது பாதியாகக் குறைந்தது. வேண்டாம் என்று சொல்ல ஒரு வழி இல்லாமல் அந்தப் பிள்ளை எத்தனை நாள் தவித்திருக்கும்.

பத்து வரை எண்ணுவதில் எங்கள் வீட்டில் அத்தையை மிஞ்ச ஆளில்லை. அவர் எப்போதுமே நிறுத்தி நிதானமாகப் பேசுகிறவர். மடியில் வைத்து ஆட்டிக்கொண்டே பாடுவார், ஒவ்வொரு வரியிலும் கடைசிச் சொல்லை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். வெற்றிலை மென்றுகொண்டு எவ்வளவு நேரமானாலும் அவரால் இருக்க முடியும். காணாமல் போன 'கா' திரும்பி வந்தது அவர் மடியில்தான்.

2023 ஏப்ரலில் திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். தம்பிக்கு நாலு வயது தாண்டியிருந்தது. கயத்தாறு பக்கம் காற்றாலைகள் நிறைய. சுற்றுகிற எதுவும் அவனுக்குப் பிடிக்கும், கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்ப்பான். நான் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தேன். என் தாடையில் ஒரு சின்னக் கை பட்டது. திரும்பினேன். ஜன்னலுக்கு வெளியே விரலை நீட்டி, காற்றாலையைப் பார்த்து, என்னைப் பார்த்து, மறுபடியும் காற்றாலையைப் பார்த்தான். அவனுக்கு அதை எடுத்துக் கொடுக்கச் சொல்லவில்லை. நானும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பஸ் என்று பாராமல் அழுதேன். முன் சீட்டு அம்மா வாந்தி வருகிறதா என்று கேட்டுப் புளிப்பு மிட்டாய் கொடுத்தார்.

இப்போது ஏழு வயது. பக்கத்துப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறான். இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசுகிறான், மற்றதற்கு அட்டை. பங்குனியில் செண்பகவல்லி அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காதில் ஹெட்போன் மாட்டித்தான் கூட்டிப் போக முடியும். 'நார்மல் ஆயிட்டானா?' என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. அவன் வேறு ஆளாக வேண்டும் என்று நான் அந்த பஸ் ஏறவில்லை. அவன் சொல்வது எனக்குப் புரிய வேண்டும், நான் சொல்வது அவனுக்குப் புரிய வேண்டும், அதற்காகத்தான்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் ஒரு மாற்றுத்திறன், சான்றிதழும் அடையாள அட்டையும் வாங்கலாம். மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு, பயிற்சிச் செலவுக்கும் அதில் கேட்கலாம். இதை எங்களுக்குச் சொன்னது டி.இ.ஐ.சி. வராண்டாவில் காத்திருந்த இன்னொரு அம்மா.

முந்தாநாள் ஆபீஸ் முடிந்து அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவள் மாமியாரிடம் நான் பேசினால் எடுபடாது என்று அத்தையையும் கூட்டிப் போனேன். குழந்தை தரையில் ஒரு டம்ளரைச் சுற்றவிட்டுக்கொண்டிருந்தான். அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் அவன் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். டம்ளர் நின்றதும் அவரே எடுத்து ஒரு சுற்று விட்டார். குழந்தை அவர் கையைப் பார்த்தான். அப்புறம் அந்த மாமியாரிடம், "நானும் பொறுத்துப் பாப்போம்னுதான் சொன்னேன் மதினி. ஒரு வருசம் போச்சு. நீங்க நாளைக்கே போங்க" என்றார்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குப் போகிறார்கள். காது டெஸ்ட் இருந்தால் குழந்தையை வழியில் தூங்கவிடாதே, ஊர் எல்லையில்தான் கண் சொக்கும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அத்தையும் கூடப் போகிறேன் என்கிறார்.